லயத்துக்கும் பங்களாவுக்கும் நடுவே: தெளிவத்தை ஜோசப்பும் ஊவாத் தோட்டங்களும்

தெளிவத்தை ஜோசப் 1934 பெப்ரவரி 16ஆம் திகதி, பதுளை மாவட்டத்தில் ஹாலி-எலவுக்கு அருகேயுள்ள ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்தார். தந்தை சந்தனசாமி அந்தத் தோட்டத்துப் பாடசாலையின் ஆசிரியர், தாய் பரிபூரணம். பின்னாளில் அவர் வேலை பார்த்த தோட்டத்தின் பெயரே எழுத்தாளராக அவருடைய பெயரின் முன்னால் நிலைத்துவிட்டது. அறுபது ஆண்டுக் காலம் அவர் எழுதிய சிறுகதைகளும் குறுநாவல்களும் நாவல்களும் இல்லையென்றால், ஊவாவின் தேயிலைத் தோட்டங்களில் மனிதர் எப்படி வாழ்ந்தனர், எதற்கு அஞ்சினர், எதற்கு வெட்கப்பட்டனர் என்பதை அறிய இன்றைக்குத் தோட்டக் கந்தோர்க் கணக்குகளும் அரசாங்க அறிக்கைகளுமே மிஞ்சியிருக்கும். அவற்றில் கூலி இருக்கும், விளைச்சல் இருக்கும், வெட்கம் இராது.

அவர் பிறந்த ஊவா மாகாணத்தின் தோட்ட வரலாறு கோப்பியிலிருந்து தொடங்குகிறது. 1869இல் இலங்கையின் கோப்பித் தோட்டங்களை அழித்த இலைத்துரு நோய் முதன்முதலில் கண்டறியப்பட்டது ஊவாவின் மடுல்சீமைப் பகுதியில்தான். இலையின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் பொடியாகத் தோன்றிய அந்தப் பூஞ்சை அடுத்த பதினைந்து இருபது ஆண்டுகளில் ஒரு பெரும் தொழிலையே துடைத்தெறிந்தது. துரைமார் எனப்பட்ட வெள்ளைத் தோட்டக்காரர் பலர் கடனாளிகளாகி நாடு திரும்பினர். கைவிடப்பட்ட கோப்பி மலைகளில் தேயிலை ஏறியது. 1890இல் தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து, அப்புத்தளைக்கு மேலேயுள்ள தம்பேதென்ன உள்ளிட்ட தோட்டங்களை வாங்கினார். இடைத்தரகர் இல்லாமல் நேராகத் தோட்டத்திலிருந்து வரும் தேயிலை என்று பிரித்தானியக் கடைகளில் அவர் செய்த விளம்பரம் ஊவாவின் பெயரை உலகச் சந்தைக்குக் கொண்டுபோனது.

கோப்பிக்கும் தேயிலைக்கும் உள்ள வேறுபாடு பயிரோடு நிற்கவில்லை. கோப்பிப் பழம் பறிப்பது சில மாதத்து வேலை. தமிழ்நாட்டிலிருந்து, ஆள்பிடித்து மேற்பார்க்கும் கங்காணியோடு நடந்து வந்தவர்கள் அறுவடை முடிந்ததும் ஊருக்குத் திரும்பலாம். பெரும்பாலும் ஆண்களே வந்து போனார்கள். தேயிலையில் அப்படி இல்லை. ஆண்டு முழுவதும் வாரத்துக்கு ஒரு தடவையாவது ஒவ்வொரு மலையிலும் கொழுந்து எடுத்தாக வேண்டும். ஆகவே பெண்கள் தேவைப்பட்டார்கள், குடும்பங்கள் தேவைப்பட்டன, குடும்பங்கள் தங்க இடமும் தேவைப்பட்டது. தோட்டத்துக்குத் தோட்டம் லயங்கள் எழுந்தது இந்தக் காரணத்தால்தான். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா ஒன்று, முன்னால் ஒரு சிறு திண்ணை, அங்கேயே அடுப்பு. இப்படிப் பத்துப் பன்னிரண்டு காம்பராக்கள் ஒரே தகரக் கூரையின் கீழ். ஆட்கள் தற்காலிகமாகத் தங்குவார்கள் என்ற எண்ணத்தில் கட்டப்பட்ட அந்தக் காம்பராக்களில் நான்கைந்து தலைமுறைகள் பிறந்து வளர்ந்தன. ஜோசப்பின் சிறந்த கதைகள் சிலவற்றுக்கு இந்தச் சுவர்களின் நெருக்கமே கரு.

ரயில் பாதை நானுஓயாவைத் தொட்டது 1885இல்; அப்புத்தளைக்கு 1893இலும் பண்டாரவளைக்கு 1894இலும் அது வந்து சேர்ந்தது. அதன்பின் முப்பது ஆண்டுகள் பாதை அங்கேயே நின்றது. 1924இல்தான் தெமோதர வளையத்தைச் சுற்றிப் பதுளைக்கு இறங்கியது. அந்த முப்பது ஆண்டுகளும் பண்டாரவளையே ஊவாத் தேயிலையின் ரயில் முனை. பசறை, ஹாலி-எல, பதுளைப் பக்கத்துத் தோட்டங்களின் தேயிலைப் பெட்டிகள் மாட்டுவண்டியில் இங்கே ஏறி வந்தன. அரிசி மூட்டைகளும் கருவாடும் கம்பளியும் இங்கிருந்து இறங்கிப் போயின. துரைமார் கூடிக் களிக்கப் பண்டாரவளையில் தனியே ஒரு விடுதி இருந்தது. தொழிலாளருக்கு அது சம்பளத்துக்குப் பிந்திய ஞாயிற்றுக்கிழமையின் ஊர்: கடைத்தெரு, அடகுக்கடை, கோவில், பிற்காலத்தில் சினிமாக் கொட்டகை. தோட்ட எல்லைக்கு வெளியே அவர்கள் அறிந்த உலகம் பெரும்பாலும் இவ்வளவுதான்.

அந்தத் தேயிலைக்குப் பேர் வாங்கித் தந்தது அதன் பருவம். ஜூலை முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மறுபக்க மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக ஊவாச் சரிவுகளில் வீசும். அந்த வறட்சியில் தேயிலைச் செடி மெதுவாகத் துளிர்க்கிறது. துளிரில் தனி வாசனை ஏறுகிறது. தேயிலை ஏலத்தில் ஊவாவுக்கு நல்ல விலை கிடைக்கும் பருவம் இதுவே. கொழுந்து குறைவாகவும் விலை அதிகமாகவும் இருக்கும் இந்தப் பருவத்தில் எடுப்பவருடைய கூடை நிறைவதில்லை, அதனால் அவர் பெயரும் முழுதாக விழுவதில்லை. தேயிலையின் பெருமையைப் பேசும் நூல்களில் இந்தச் செய்தியைக் காண்பது அரிது.

பெயர் விழுவது என்றால் என்ன என்பதை விளங்கிக்கொண்டால்தான் ஜோசப் நின்ற இடம் தெரியும். அந்தக் காலத்துத் தோட்டத்தில் விடியுமுன் தப்பு அடிக்கப்படும். இருட்டோடு ஆட்கள் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்பார்கள். துரையோ சின்னத்துரையோ வந்து நிற்க, கணக்கப்பிள்ளை ஆட்களைக் கொழுந்து மலைக்கும் கவ்வாத்து மலைக்கும் முள்ளுக்குத்தவும் பிரித்து அனுப்புவார். பிந்தி வந்தவர் விரட்டப்படுவார். அன்றைய கூலி போயிற்று. மலையில் கங்காணி நிரை பிடித்து விடுவார். இடுப்பில் படங்கும் தலையில் கூடைக் கயிறுமாகப் பெண்கள் எடுத்த கொழுந்து நாளில் இரண்டு மூன்று தடவை நிறுக்கப்படும். ஈரத்துக்கென்று ஒரு கழிவு, கூடைக்கென்று ஒரு கழிவு. குறித்த நிறை வராவிட்டால் அரைப்பேர், அதாவது பாதி நாட்கூலி. மாலையில் இந்தக் கணக்கெல்லாம் கந்தோருக்கு வந்து செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் ஏறும். மாதக் கடைசியில் தோட்டம் கொடுத்த அரிசி, கம்பளி, முற்பணம், வண்ணார், கோவில் வரி எல்லாம் போக மிஞ்சியது சம்பளம். பெண்களின் நாட்கூலி ஆண்களுடையதைவிடக் குறைவாகவே இருந்தது. அது சமமானது 1984இல்தான்.

இந்த ஒழுங்கில் பங்களா மேலே, லயம் கீழே. இரண்டுக்கும் நடுவே உத்தியோகத்தர் குவார்ட்டர்ஸ்: பெரிய கிளாக்கர், கணக்கப்பிள்ளை, தொழிற்சாலை உத்தியோகத்தர், மருந்துக்காரர், கடைசியாகப் பாடசாலை ஆசிரியர். இவர்கள் லயத்தாரோடு பழகக்கூடாது என்பது எழுதப்படாத விதி. துரைக்கு முன்னால் நின்றுகொண்டே பேச வேண்டும் என்பதும் அவ்வாறே. தோட்டத்து ஆசிரியர் இந்தப் படிக்கட்டின் மிகத் தாழ்ந்த படியில் இருந்தார். 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கல்வி தருவது தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு என்று விதித்தது. பெரும்பாலான தோட்டங்களில் அது ஒரே மண்டபம், ஒரே ஆசிரியர், ஐந்து வகுப்புகள் என்ற அளவோடு நின்றது. 1945இல் நாடு முழுவதும் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியேயே விடப்பட்டன. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1977இல். அத்தகைய ஒரு மண்டபத்தில் தந்தையிடம் எழுத்துப் படித்த சிறுவன் ஜோசப்.

அடுத்து மூன்று ஆண்டுகள் அவர் கும்பகோணத்தில் லிட்டில் ஃப்ளவர் பாடசாலையில் படித்தார். தோட்டத்தில் ஓரளவு வசதியுள்ளவர்கள் பிள்ளைகளைப் படிப்புக்காகத் தமிழ்நாட்டுக்கு அனுப்புவது அன்று வழக்கம். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல், அங்கிருந்து ரயில். கடவுச்சீட்டின் கெடுபிடிகள் இன்னும் வராத காலம். திரும்பி வந்தபின் பதுளை புனித பீட்ஸ் கல்லூரியில் கல்வி தொடர்ந்தது. தமிழ்நாட்டுப் பத்திரிகைகளும் கதைகளும் அவருக்குப் பழக்கமாயின. காவிரிக் கரையை நேரில் கண்டு, அது தன் ஊர் அல்ல என்பதையும் உணர்ந்து திரும்பியவர் என்ற செய்தி, பின்னாளில் நாடு திரும்பல் பற்றி அவர் எழுதியவற்றைப் படிக்கும்போது நினைவில் வைத்திருக்க வேண்டிய ஒன்று.

அவர் வளர்ந்து படித்த ஆண்டுகளில் அவருடைய சமூகத்தின் கால்களுக்குக் கீழிருந்த நிலம் பறிக்கப்பட்டது. 1939 ஓகஸ்டில் இந்திய அரசு இலங்கைக்குத் தொழிலாளர் புறப்படுவதைத் தடுத்தது. அதோடு புதிய வருகை நின்றது. அதே ஆண்டு இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. 1940இல் பதுளைப் பகுதியின் வெவஸ்ஸ தோட்டத்தில் நடந்த வேலைநிறுத்தம் ஊவாத் தொழிலாளர் சங்கமாகத் திரண்டதற்குப் பெரும் சாட்சி. 1947 பொதுத் தேர்தலில் காங்கிரஸ் ஏழு தொகுதிகளை வென்றது. பதுளை அவற்றுள் ஒன்று, உறுப்பினர் எஸ்.எம். சுப்பையா. மறு ஆண்டே 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர், வாக்குரிமையும் போயிற்று. 1952 தேர்தலில் அந்த ஏழு தொகுதிகளிலும் அவர்களுக்குக் குரல் இல்லை.

ஜோசப் தெளிவத்தைத் தோட்டத்தில் முதலில் ஆசிரியராகவும் பிறகு எழுதுவினைஞராகவும் வேலைக்கு அமர்ந்தார். செக்ரோலை எழுதும் கையே கதையும் எழுதியது என்பது மலையக இலக்கியத்தின், அதாவது மலைநாட்டுத் தோட்டத் தமிழரின் இலக்கியத்தின், பெரும் பேறு. பகலில் ஒருவருக்கு அரைப்பேர் விழுவதைக் கணக்கில் ஏற்றுகிறவர், அந்த அரைப்பேருக்குப் பின்னால் லயத்தில் நடக்கும் சண்டையையும் அறிந்திருந்தார். துரையின் கோபத்தை மூடிய கதவுக்கு இப்பால் நின்று கேட்டார். உத்தியோகத்தரின் சின்னத்தனங்களை உள்ளிருந்து பார்த்தார். தொழிலாளியாகவும் அல்லாமல் துரையாகவும் அல்லாமல் நடுவில் நின்றதால் அவருக்கு இரண்டு பக்கமும் தெரிந்தது. அந்த நடுவிடம் சுகமானதல்ல. தாமும் அந்த இயந்திரத்தின் ஒரு பல்சக்கரம் என்ற உறுத்தல் அவருடைய கதைகளின் அடியில் ஓடுகிறது. கோஷமும் வீர வசனமும் அங்கே குறைவாக இருப்பதற்கு இதுவே காரணமாகப்படுகிறது.

அவர் எழுத வந்த 1960களின் தொடக்கம் மலையக எழுத்துக்கு மறுமலர்ச்சிக் காலம். வீரகேசரி நாளிதழில் எஸ்.எம். கார்மேகம் தோட்ட மஞ்சரி என்ற பகுதியை நடத்தி, தோட்டத்து இளைஞர்களைத் தேடித் தேடி எழுதவைத்தார். மலைநாட்டு எழுத்தாளர் மன்றமும் வீரகேசரியும் சேர்ந்து சிறுகதைப் போட்டிகள் வைத்தன. ஜோசப்பின் ‘பாட்டி சொன்ன கதை’ அந்தப் போட்டியில் பரிசு பெற்றது. பரிசுக் கதைகள் 1971இல் ‘கதைக்கனிகள்’ என்ற தொகுப்பாக வந்தன. ‘ஒரு கூடைக் கொழுந்து’ எழுதிய என்.எஸ்.எம். இராமையாவும் இதே தலைமுறை. அதுவரை தோட்டத் தொழிலாளர் பற்றிக் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து இரக்கத்தோடு எழுதப்பட்டது. இப்போது தோட்டமே பேனாவை எடுத்தது.

நாவலில் ஊவாவுக்கு ஜோசப்புக்கு முன்பே ஒருவர் உண்டு. பதுளை உறுப்பினர் சுப்பையாவின் மனைவி கோகிலம் சுப்பையா. தொழிற்சங்க வேலையில் தோட்டப் பெண்களோடு பழகி, அவர்களிடம் கேட்டறிந்தவற்றைக் கொண்டு அவர் எழுதிய ‘தூரத்துப் பச்சை’ 1964இல் வெளிவந்தது. தமிழ்நாட்டுக் கிராமத்துப் பசியிலிருந்து இலங்கைத் தோட்டம் வரை ஒரு பெண்ணின் வாழ்வைத் தொடரும் அந்த நாவல், குடிபெயர்வை ஒரு தலைமுறைக் கதையாகக் கண்டது. அதே ஆண்டில்தான் மருத்துவரான நந்தியின் ‘மலைக்கொழுந்து’வும் வந்தது. சி.வி. வேலுப்பிள்ளையின் ‘வீடற்றவன்’ அதற்கு முன்பே பத்திரிகையில் தொடராக வந்திருந்தது.

தேயிலைத் தோட்டத்தை நாவலாக்கியதில் இவர்கள் எல்லோருக்கும் மூத்தவர் ஒரு பஞ்சாபியர். 1905இல் பெஷாவரில் பிறந்து, அமிர்தசரஸிலும் லண்டனிலும் படித்த முல்க் ராஜ் ஆனந்த், தீண்டப்படாத ஒரு துப்புரவுத் தொழிலாளியைப் பற்றி 1935இலும், பிழைக்க அலையும் ஒரு மலைச் சிறுவனைப் பற்றி 1936இலும் ஆங்கிலத்தில் நாவல் எழுதிப் புகழ்பெற்றிருந்தார். 1937இல் வந்த மூன்றாவது நாவலின் பெயர் ‘இரண்டு இலையும் ஒரு மொட்டும்’. ஹோஷியார்பூர்ப் பக்கத்து விவசாயி கங்கு, கடனில் நிலத்தை இழந்து, ஆள்பிடிக்கும் சர்தாரின் ஆசை வார்த்தையை நம்பி மனைவி மக்களோடு அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறான். மனைவி நோயில் சாகிறாள். மகள்மீது கண்வைத்த ஆங்கிலேய உதவி நிர்வாகி கங்குவைச் சுட்டுக் கொல்கிறான். நீதிமன்றம் அவனை விடுதலை செய்கிறது. கே.ஏ. அப்பாஸ் 1953இல் அதைத் திரைப்படமாக்கினார்.

அஸ்ஸாமின் சர்தார் ஊவாவின் பெரிய கங்காணி. கங்குவின் கடன் இங்கே தொழிலாளியைத் தோட்டத்தோடு பிணைத்த துண்டுக் கடன். ஆட்பிடிப்பு, முற்பணம், நோய், பெண்களுக்கு நேரும் கொடுமை, நீதியின் பாரபட்சம் எல்லாம் இரண்டு இடத்துக்கும் பொது. ஆனால் ஆனந்தின் நாவல் தோட்டத்துக்குள் நுழையும் ஒருவனின் கண்ணால் தோட்டத்தைக் காண்கிறது; குற்றம் செய்பவன் யார், பலியாகிறவன் யார் என்பதில் அங்கே ஐயமில்லை. வாசகரை உலுக்குவதே அதன் நோக்கம். அந்தக் காலத்தில் அப்படி உலுக்க வேண்டியும் இருந்தது. வால்பாறைத் தோட்டங்களைப் பற்றி பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலும் அந்த வழியிலேயே போனது, இரா. முருகவேளின் தமிழாக்கம் ‘எரியும் பனிக்காடு’ என்ற பெயரில் பரவலாக அறியப்பட்டது. ஜோசப்பின் பாதை வேறு. அவருடைய மனிதர்கள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் அல்லர், அங்கேயே பிறந்தவர்கள். அவர்களை மிதிப்பது துரையின் துப்பாக்கி அல்ல; கங்காணியும் கணக்கப்பிள்ளையும் பக்கத்துக் காம்பராவும், சில வேளை அவர்களுடைய சொந்தப் பலவீனமும். இவ்வளவு அருகிலிருந்து எழுதினால் கறுப்பு வெள்ளையாக எழுத முடியாது. ஆனந்தின் நாவலின் உலகளாவிய வீச்சு ஜோசப்புக்குக் கிடைக்கவில்லை என்பது உண்மை. தோட்டத்து மனிதரின் மனத்தை அறிய விரும்புகிறவர் ஜோசப்பிடம்தான் வந்தாக வேண்டும் என்பதும் உண்மை.

‘மீன்கள்’ இதற்கு நல்ல சான்று. வளர்ந்த பிள்ளைகளோடு ஒரே காம்பராவில் படுத்துறங்கும் ஒரு தொழிலாளி. வெளிச்சமில்லாத இரவு, அடுத்தடுத்துப் படுக்கை. இருட்டில் மனைவி என்று நினைத்துக் கை நீள்கிறது. அங்கே கிடப்பது மகள். இதற்குமேல் நிகழ்ச்சி என்று பெரிதாக எதுவுமில்லை. மறுநாள் முதல் அந்த மனிதனைத் தின்னும் கூச்சமும், வேறொரு காம்பரா கிடைக்காதா என்ற தவிப்பும், அதற்காக யார் யாரிடம் கையேந்த வேண்டியிருக்கிறது என்பதுமே கதை. லயத்துக் காம்பராவின் நெருக்கடியை எத்தனையோ ஆணைக்குழுக்கள் அடிக்கணக்கில் அளந்து எழுதியுள்ளன. ஒரு தகப்பன் தன் மகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் போவது அந்த அளவைகளில் ஏறாது. ஆபாசத்தின் விளிம்பில் நிற்கும் ஒரு விஷயத்தை இவ்வளவு கண்ணியமாகச் சொன்ன கதைகள் தமிழில் அதிகமில்லை.

1970களின் தொடக்கத்தில் வீரகேசரி நிறுவனம் மலிவு விலையில் ஈழத்து நாவல்களை வரிசையாக வெளியிட்டது. தமிழ்நாட்டு இதழ்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட அந்த ஆண்டுகளில் உள்ளூர் நூல்களுக்கு வாசகர் பெருகினர். அந்த வரிசையில் ஜோசப்பின் முதல் நாவல் ‘காலங்கள் சாவதில்லை’ 1974இல் வந்தது. மலையக நாவல் வரலாற்றை எழுதுவோர் தவறாமல் நிற்கும் இடம் அது. தோட்டத்து அன்றாடமும், அதன் அதிகாரப் படிகளும், மாற்றத்தை விரும்பும் இளைஞரின் துடிப்பும் அதில் ஒன்று சேர்ந்தன. கலைநுட்பத்தில் அவருடைய சிறுகதைகளே மேல் என்று சொல்ல வேண்டும். நாவலில் வெகுஜனக் கதைப்போக்கின் சாயல் ஆங்காங்கே தெரிகிறது. ஆயினும் மலையகத்துப் பேச்சு வழக்கு இவ்வளவு இயல்பாக ஒரு நாவலில் அதற்கு முன்பு புழங்கியது குறைவு. மறு ஆண்டு, தொழிற்சங்கத் தலைவர் வி.பி. கணேசன் தயாரித்த ‘புதிய காற்று’ திரைப்படத்துக்கு ஜோசப் எழுத்துப் பங்களித்தார். இலங்கையில் எடுக்கப்பட்ட தமிழ்ப் படங்களில் தோட்ட வாழ்வைத் தொட்ட முக்கியமான படம் அது.

நாவல் வெளிவந்த வேளை தோட்டங்களில் பஞ்சம். உலகச் சந்தையில் தானிய விலை ஏறி, நாட்டில் அரிசிப் பங்கீடும் மாவும் குறைந்தன. சொந்த நிலம் இல்லாத தோட்ட மக்களே முதலில் சாய்ந்தனர். லயங்களைப் பட்டினிச்சாவு தொட்டது. அதே காலத்தில் 1972, 1975 நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. வெள்ளைத் துரை போய் உள்ளூர்த் துரை வந்தார். பங்களாவும் லயமும் இருந்த இடத்திலேயே இருந்தன.

இன்னொரு பக்கம் பயணம். 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரின் தலைவிதியை எண்களால் தீர்த்தது: 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒரே வீட்டில் அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று விழுந்தது. பண்டாரவளை, தியத்தலாவை, அப்புத்தளை ரயில் நிலையங்களில் தகரப் பெட்டிகளோடு குடும்பங்கள் வண்டி ஏறின. வழியனுப்ப வந்தவர்களும் போகிறவர்களும் கட்டிப்பிடித்துக் கதறினார்கள். போகிறவர்களில் பலர் இந்தியாவை அதுவரை கண்டிராதவர்கள். 1979இல் வெளிவந்த ஜோசப்பின் முதல் சிறுகதைத் தொகுப்புக்கு ‘நாமிருக்கும் நாடே’ என்று பெயர். எந்த நாடு நமது என்ற கேள்வி வீட்டுக்கு வீடு எழுந்துகொண்டிருந்த காலத்தில் அந்தத் தலைப்பே ஒரு நிலைப்பாடு. தொகுப்புக்கு இலங்கை சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது.

ஜோசப் பிற்காலத்தில் தோட்டத்தை விட்டுக் கொழும்புக்குப் பெயர்ந்து, ஓர் இனிப்புப் பண்ட நிறுவனத்தில் கணக்காளராக வேலை பார்த்தார். தோட்டத்துப் படித்த இளைஞர்கள் பலர் போன வழிதான் அது. 1977 ஓகஸ்டிலும் 1981இலும் இனவன்முறை மலையகத்தைத் தாக்கியது. 1983 ஜூலையில் கொழும்பில் மூண்ட நெருப்பு சில நாட்களில் பதுளை நகரத்துக்கும் பரவி, தமிழர் கடைகள் எரிந்தன. வடக்குக் கிழக்கின் அரசியலோடு தொடர்பே இல்லாத மலையகத் தமிழரும் பெயரையும் மொழியையும் கொண்டே சந்தேகத்துக்குள்ளாயினர். குடியுரிமை இழுபறியால் அடையாள அட்டை இல்லாமலிருந்தவர்களுக்கு ஒவ்வொரு சோதனைச் சாவடியும் அபாயம்.

‘குடைநிழல்’ நாவல் இந்த அனுபவத்திலிருந்து பிறந்தது. நூலாக வந்தது 2010இல். கொழும்பில் குடும்பத்தோடு வாழும் ஒரு சாதாரணத் தமிழர் பிடித்துச் செல்லப்படுகிறார். செய்த குற்றம் எதுவென்று அவருக்கும் தெரியாது, பிடித்தவர்களுக்கும் தெரியாது. காவலில் கழியும் நேரமும் அவர் மனத்தில் ஓடும் நினைவுகளுமாக நாவல் நகர்கிறது. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், குடியிருக்க வீடு என்ற மிகச் சிறிய விருப்பங்கள்கூட அரசியலாகிவிடும் கொடுமையை அது உரத்த குரலின்றிச் சொல்கிறது. பெரட்டுக் களத்தில் துரைக்கு முன்னால் நின்ற மனிதரும் காவல் அறையில் அதிகாரிக்கு முன்னால் நிற்கும் மனிதரும் அடிப்படையில் ஒருவரே என்பதை இரண்டு காலத்து எழுத்தையும் சேர்த்துப் படிக்கிறவர் காணலாம். ‘நாங்கள் பாவிகளாக இருக்கிறோம்’ என்ற நாவலும், 1997இல் வெளிவந்த ‘பாலாயி’ குறுநாவல் தொகுப்பும் அவருடைய மற்ற புனைகதை நூல்களுள் குறிப்பிடத்தக்கவை.

கதை எழுதுவதோடு அவர் வேலை முடியவில்லை. மலையக எழுத்துகள் பெரும்பாலும் நாளிதழின் ஞாயிறுப் பதிப்புகளிலும் சில இதழ்களோடு நின்றுபோன சிற்றேடுகளிலும் சிதறிக் கிடந்தன. லயத்துக் கூரை ஒழுகும் இடங்களில் காகிதம் நீடிப்பதில்லை. ஜோசப் அவற்றைத் தேடிச் சேர்த்தார். பதிப்பாளர் துரை விஸ்வநாதனின் துரைவி வெளியீடாக 1997இல் ‘மலையகச் சிறுகதைகள்’, ‘உழைக்கப் பிறந்தவர்கள்’ என்ற இரண்டு பெருந்தொகுப்புகள் அவர் தொகுப்பில் வந்தன. முதலாவதில் 33 கதைகள், இரண்டாவதில் 55. 2000இல் ‘மலையகச் சிறுகதை வரலாறு’ வெளிவந்தது. அதற்கும் சாகித்தியப் பரிசு. ஈழத்து இதழியல் வரலாற்றிலும் அவர் விரிவாக உழைத்தார். பல்கலைக்கழகப் பதவியோ ஆய்வு நிதியோ இல்லாத ஒருவர், கணக்காளர் வேலைக்குப் பிந்திய மாலைகளில் ஒரு சமூகத்தின் இலக்கியத்துக்கு ஆவணக் காப்பகம் அமைத்தார். அவருடைய நாவல்களைவிட இந்தப் பணியே நிலைபேறுடையது என்று கருதுவோரும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது சரியன்று. மறந்துபோகும் மனிதரைப் பதிவுசெய்ய வேண்டும் என்ற ஒரே அக்கறைதான் கதையாகவும் தொகுப்பாகவும் வெளிப்பட்டது.

மலையகத் தமிழரின் நாடற்ற நிலை சட்டத்தில் முடிவுக்கு வரத் தொடங்கியது 1980களின் பிற்பகுதியில். எஞ்சியவர்களுக்கும் 2003இல் குடியுரிமை வழங்கப்பட்டது. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பெனிகளின் கைக்குப் போயிற்று. லயங்கள் பல அப்படியே இருந்தன. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு லயங்களை மக்களோடு புதைத்தபோது, ஊவாத் தோட்டத்துக் குடியிருப்பின் நிலையை நாடு முழுவதும் ஒருமுறை திரும்பிப் பார்த்தது.

தமிழ்நாட்டில் ஜோசப் பரவலாக அறியப்பட்டது பிந்தித்தான். 2013ஆம் ஆண்டுக்கான விஷ்ணுபுரம் விருது அவருக்கு அளிக்கப்பட்டது. எழுத்தாளர் ஜெயமோகன் தேர்ந்தெடுத்த அவருடைய சிறுகதைகள் ‘மீன்கள்’ என்ற பெயரில் நற்றிணை பதிப்பக வெளியீடாக அதே ஆண்டு வந்தன. ‘குடைநிழல்’ தமிழ்நாட்டுப் பதிப்பும் கண்டது. இயக்குநர் பாலாவின் ‘பரதேசி’ திரைப்படத்தால் தேயிலைத் தோட்டத் துயரம் தமிழ்நாட்டில் பேசப்பட்ட ஆண்டும் அதுவே. அந்தப் பேச்சில் இலங்கை மலையகத்தின் பெயர் சேர்ந்ததற்கு ஜோசப்பின் கதைகள் பெரிதும் உதவின. 2022 ஒக்டோபரில், எண்பத்தெட்டாம் வயதில் அவர் காலமானார்.